காரணம் சொல்லும் கடமை: கடன் தீர்மானிக்கும் யந்திரங்களின் சரித்திரத்தில் ஒரு பகுதி

திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டில், பின்னிரவில் லாரிகள் வந்து மூட்டையிறக்கும் வேளையிலேயே அன்றைய கடன் வியாபாரமும் தொடங்கிவிடுகிறது. கமிஷன் மண்டியில் சரக்கெடுத்து, உறையூரிலும் ஸ்ரீரங்கத்திலும் தள்ளுவண்டியில் விற்று, மாலையிலோ மறுநாளோ பணம் கட்டும் சில்லறை வியாபாரிகளின் பற்று வரவு கணக்குப்பிள்ளையின் சிட்டையில் ஏறிப் பேரேட்டுக்குப் போவது, ரத்தினவேலு தேவர் நகராட்சித் தலைவராயிருந்த காலத்தில் விரிவுபெற்ற அந்தச் சந்தையின் நெடுநாளைய சம்பிரதாயம். அங்கே ஒருவருக்குக் கடன் மறுக்கப்படுமானால், “போன வாரப் பாக்கி நிக்குதும்மா, அதைக் கட்டிட்டுச் சரக்கெடு” என்று காரணம் முகத்துக்கு நேரே சொல்லப்படும். அக்காரணம் அநியாயமாகவும் இருக்கலாம். சாதியும் உறவும் உள்ளிருந்து பேசலாம். மறுக்கப்பட்டவர் நாள்வசூல் தண்டல்காரரிடம் போய் வட்டியில் சிக்கவும் நேரலாம். ஆயினும் சொல்லப்பட்ட காரணத்தை மறுத்துப் பேச இடமுண்டு. கடன் பற்றிய தீர்மானம் மனிதரிடமிருந்து கணக்கிடும் யந்திரங்களுக்கு மாறிய ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் அந்தக் காரணம் எவ்வாறு மறைந்தது, மறைந்தது எவ்வாறு ஒரு விற்பனைப் பொருளாகத் திரும்பி வந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

1956-ல் பில் ஃபேர் என்ற பொறியியலாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணித அறிஞரும் அமெரிக்காவில் நிறுவிய ஃபேர் ஐசக் நிறுவனம், கடன் கேட்பவரின் வேலை, வசிப்பிடம், முந்தைய கடன் முதலியவற்றுக்குத் தனித்தனியே புள்ளிகள் இட்டுக் கூட்டும் முறையை வளர்த்தது. 1974-ல் இயற்றப்பட்ட சமக்கடன் வாய்ப்புச் சட்டம் 1976-ல் திருத்தப்பட்டபோது, கடன் மறுக்கப்பட்டவருக்குக் குறிப்பான காரணங்களைத் தெரிவிக்க வேண்டுமென்ற கடமை பிறந்தது. புள்ளிமுறை வெறும் கூட்டல் கணக்காதலால், எங்கே புள்ளி குறைந்தது என்று பார்த்தாலே காரணம் கிடைத்தது. மதிப்பெண்ணோடு காரணக் குறியீடுகளையும் சேர்த்து விற்பது வழக்கமாயிற்று. தன் தீர்மானத்துக்குத் தானே காரணம் காட்டும் இத்தகைய யந்திரங்களின், அதாவது விளக்கமளிக்கும் செயற்கை நுண்ணறிவின், வரலாற்றை ஆய்வுக்கூடங்களிலிருந்து தொடங்குவதே பெருவழக்கு. ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் எட்வர்டு ஷார்ட்லிஃப் 1970-களில் அமைத்த ‘மைசின்’ என்னும் மருத்துவ நிரல், “ஏன் இதைக் கேட்கிறாய்?” என்று மருத்துவர் வினவினால் தான் பின்பற்றும் விதியை எடுத்துக்காட்டியது மெய்யே. ஆனால் அது நடைமுறைச் சிகிச்சையில் புகவில்லை. விளக்கத்துக்குச் சந்தையில் விலையை உண்டாக்கியது, மறுக்கப்பட்டவருக்குக் கேட்கும் உரிமையளித்த சட்டமே என்பது என் அபிப்பிராயம்.

நம் தேசத்தில் கடன் தகவல்களைத் திரட்டும் சிபில் நிறுவனம் 2000-ல் தோன்றியது. 2005-ல் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையே, 2003-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நியாய நடைமுறை விதிகளை நம்மவர் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. இரண்டு லட்சம் ரூபாய் வரை கடன் கேட்கும் சிறுகடனாளிக்கு விண்ணப்பம் நிராகரிக்கப்படுமாயின், அதன் முக்கிய காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுமென்று அது பணித்தது. சந்தையின் தள்ளுவண்டிக்காரருக்கு, யந்திரக் கற்றல் இங்கே பரவுமுன்பே கிடைத்துவிட்ட உரிமை அது.

அதன் பின்னர் வந்த நிரல்கள், நூற்றுக்கணக்கான தீர்மான மரங்களையும் பல அடுக்கு நரம்பு வலைகளையும் கொண்டு, கூட்டல் கணக்கால் காண முடியாத தொடர்புகளைக் கண்டன. கணிப்பு கூர்மையாயிற்று, காரணமோ அவற்றை அமைத்தவருக்கே புலப்படவில்லை. இக்குறையைத் தீர்க்க 2016-ல் ‘லைம்’ என்னும் முறையும், 2017-ல் ஸ்காட் லண்ட்பெர்க், சூ-இன் லீ ஆகியோரின் ‘ஷேப்’ என்னும் முறையும் வெளிவந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா அமைப்பும் 2017-ல் இதற்கெனவே ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. ஷேப் முறையின் வேர், லாயிட் ஷேப்லி 1953-ல் வெளியிட்ட ஒரு பங்கீட்டுக் கணிதத்தில் உள்ளது. மண்டியில் நால்வர் கூட்டுச் சேர்ந்து லாபம் கண்டால், ஒவ்வொருவரும் எந்த வரிசையில் வந்து சேர்ந்திருந்தாலும் அவரால் கூடும் லாபத்தின் சராசரி எதுவோ அதுவே அவர் பங்கு என்பது அதன் சாரம். விண்ணப்பதாரர்களின் சராசரி வாராக்கடன் அபாயம் 10 சதவிகிதம், ஒரு பழ வியாபாரிக்கு யந்திரம் கணித்தது 22 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 12-ல், தவணை தவறியதற்கு 7, அண்மையில் பல இடங்களில் கடன் கேட்டதற்கு 4, வங்கிக் கணக்கு புதிதென்பதற்கு 3 என்று ஏற்றியும், ஒழுங்கான சேமிப்புக்காக 2 இறக்கியும் இம்முறை பங்கிட்டுக் காட்டும்.

இந்தப் பங்கீட்டையும், இதனோடு யந்திரத்தின் நடத்தையை நாள்தோறும் கண்காணிக்கும் சேவையையும் விற்க நிறுவனங்கள் எழுந்தன. 2018-ல் கிருஷ்ணா கடே முதலியோர் ஃபிட்லர் நிறுவனத்தைத் தொடங்கினர், 2019-ல் ஐ.பி.எம். தன் விளக்கக் கருவித் தொகுப்பை இலவசமாகவே வெளியிட்டது. கருவி இலவசமாகிவிட்டால் வியாபாரிக்கு விற்க என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். மிஞ்சுவது பொறுப்பு: தணிக்கையாளர் கேட்கும்போது காட்டத்தக்க பதிவேடு, யந்திரம் வழி தவறினால் எழும் எச்சரிக்கை, தவறைத் திருத்தக்கூடிய ஆட்கள்.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபத்தை மறைக்கலாகாது. ட்யூக் சர்வகலாசாலையின் சிந்தியா ருடின், புரியாத யந்திரத்துக்குப் பின்னொட்டாக விளக்கம் தேடுவதைவிட்டு, உயிரையும் வாழ்வையும் தொடும் தீர்மானங்களுக்கு ஆரம்பத்திலேயே புரியும் யந்திரத்தை அமைக்க வேண்டுமென 2019-ல் வாதிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஃபேர் ஐசக் நிறுவனம் வீட்டுக்கடன் தரவுகளை அளித்து நடத்திய போட்டியில், அவர் குழு புரியும் வகையான ஒரு நிரலையே அமைத்து, துல்லியத்திலும் பின்தங்காமல் நின்றது. சிறுகடன் விஷயத்தில் அவர் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன். மேற்காட்டிய 7-ம் 4-ம் யந்திரம் எவ்வாறு கணித்தது என்பதைச் சொல்லுமேயன்றி, அவ்வியாபாரி எதைச் செய்தால் கடன் கிடைக்கும் என்பதைச் சொல்லாது.

தமிழ்நாட்டரசு 2020-ல், பாதுகாப்பும் நெறியும் பொருந்திய செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டு, வெளிப்படைத்தன்மையையும் தணிக்கையையும் அதன் அளவுகோல்களில் சேர்த்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பா. ரவீந்திரன் தலைமையில் 2023-ல் பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவுக்கான மையம் அமைந்தது. ரிசர்வ் வங்கி நியமித்த புஷ்பக் பட்டாச்சார்யா குழு, 2025 ஆகஸ்டில் வெளிவந்த தன் அறிக்கையில், புரியும்படி அமைத்தலை ஏழு சூத்திரங்களுள் ஒன்றாக வைத்தது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் நிதி நிறுவனங்களுள் விளக்கக் கருவிகளைக் கையாள்வோர் 15 சதவிகிதமே என்பதும் அதன் கணக்கெடுப்பில் தெரிந்தது.

இதுவரை விற்கப்பட்ட விளக்கங்களில் பெரும்பாலானவை வங்கியின் அபாயத் துறைக்கும் தணிக்கையாளருக்கும் வரையப்பட்டவை. பட்டை நீளமும் நிறமும் கொண்ட அவ்வரைபடங்கள் கடன் கேட்டவர் கைக்கு வருவதில்லை. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் கடனாளிக்குத் தெரிவிக்கும் எதையும் அவருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டுமென ரிசர்வ் வங்கியின் விதி முன்பே இருக்கிறது. ஆகவே புதிய சட்டமொன்றுக்குக் காத்திராமல், 2003-ன் விதியையும் இந்த மொழி விதியையும் யந்திரத்தின் தீர்மானங்களோடு பிணைத்து, “மூன்று தவணை தவறியுள்ளது, ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டியபின் மீண்டும் விண்ணப்பிக்கலாம்” என்ற அளவிலான தமிழ் வாக்கியத்தை எழுத்தில் கொடுக்கும்படி நிதி நிறுவனங்களைக் கேட்க, காந்தி மார்க்கெட்டின் வியாபாரிகள் சங்கங்களுக்கு இன்றே இடமிருக்கிறது.