கேலரியில் உட்கார்ந்தவர்கள்

ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் ஒரு கவுண்டிக்குப் பேரே லிபர்டி. 1777-ல், அமெரிக்க விடுதலைப் போரின்போது வைத்த பேர். அந்தச் சுதந்திரம் யாருக்குன்னு தெரியணும்னா, மிட்வே என்ற சின்ன ஊரின் தேவாலயத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் போதும்.

முதலில் இருந்த ஆலயத்தை 1778-ல் பிரிட்டிஷ் படை எரித்துவிட்டது. இப்போது நிற்பது 1792-ல் மரத்தில் கட்டியது. வெள்ளையடித்த எளிமையான கட்டடம். கீழே தோட்டமுதலாளிகளின் குடும்பங்கள். மேலே கேலரியில் அவர்களுடைய அடிமைகள். சபையில் நூற்றுக்கணக்கான கறுப்பு உறுப்பினர்கள் உண்டு. கவுண்டியின் மக்கள்தொகையிலும் அடிமைகளே பெரும்பான்மை. சதுப்பு நிலத்தைத் திருத்தி நெல்லும் பருத்தியும் விளைவித்தது அவர்கள்தான்.

இந்தச் சபையில் வளர்ந்தவர் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ். போதகர், மான்டிவிடியோ உள்பட மூன்று தோட்டங்களின் முதலாளி. அடிமைகளுக்கு வேதம் சொல்லித்தருவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். ஆனால் அவர்களுக்கு எழுத்து சொல்லித்தருவதை 1829-லேயே ஜார்ஜியா சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. அதனால் அவர் வாயால் கேள்வி கேட்பார், அவர்கள் மனப்பாடமாகப் பதில் சொல்வார்கள். வேதம் காது வழியாக மட்டும் வரலாம், கண் வழியாக வரக்கூடாது. ஆள் கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் உறுத்துவது. மனசார அக்கறைப்பட்டவர், கடைசிவரை முதலாளியாகவே இருந்து 1863-ல் செத்துப்போனார்.

மான்டிவிடியோ வீடு இன்று இல்லை. ஆனாலும் அங்கே அன்றாடம் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தின் கடிதங்கள் 1972-ல் பெரிய புத்தகமாக வந்தன. எழுதத் தெரிந்தவர்களின் வீடு இடிந்தாலும் காகிதத்தில் நிற்கிறது. அதே வீட்டில் சமைத்தவர்களைப் பற்றி அறிய, அந்தக் கடிதங்களின் ஓரத்தில்தான் தேடவேண்டியிருக்கு.

இதே கவுண்டியில் 1848-ல் அடிமையாகப் பிறந்தவர் சூசி கிங் டெய்லர். சவானா நகரில் திருட்டுத்தனமாகப் படித்தார். போலீஸ் கண்ணில் படாமலிருக்கப் புத்தகங்களைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போனதாக 1902-ல் வெளியிட்ட தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார்.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் மிட்வேயின் பழைய சபை கலைந்தது. அங்கிருந்து சில மைல் தூரத்தில், வில்லியம் கோல்டிங் என்ற முன்னாள் அடிமை, மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகி, எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களை அனுப்புங்கள் என்று வடக்கே இருந்த மிஷனரிச் சங்கத்திடம் கேட்டார். அப்படி வந்ததுதான் டார்செஸ்டர் அகாடமி.

1960-களில் அதன் செங்கல் கட்டடத்தில் செப்டிமா கிளார்க், டோரதி காட்டன் போன்றவர்கள் குடியுரிமை வகுப்பு நடத்தினார்கள். வாக்காளர் பதிவுக்கான எழுத்தறிவுச் சோதனையைத் தாண்ட ஊர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று தெற்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே பயின்றார்கள். 1963 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் போராட்டத்துக்குத் திட்டம் போட்டதும் அங்கேதான்.

இரண்டு கட்டடமும் இன்னும் நிற்கின்றன. வெள்ளைத் தேவாலயம்தான் பார்க்க அழகு. அதைப் பார்க்கப் போகிறவர்கள், அந்தச் சில மைல் தள்ளியிருக்கும் செங்கல் கட்டடத்தையும் பார்த்துவிட்டு வரலாம். கேலரியில் உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்த இடம் அது.