கூட்டுப்பணி மென்பொருளுக்கு மாறுமுன்

கண்டியில் நான் பார்க்கும் சிறு நிறுவனங்கள் பலவற்றில் லீவு முதல் விலைப்பட்டியல் வரை வாட்ஸ்அப் குழுவிலேயே ஓடுகிறது. டீம்ஸ், ஸ்லாக் போன்றவற்றுக்கு மாறினால் உரையாடல் வேலைவாரியாகப் பிரியும். விலகிய ஊழியரின் அணுகலையும் உடனே நிறுத்தலாம். மாறுவது நல்லதுதான்.

ஆனால் பிரதி யாரிடம் என்று முதலில் கேளுங்கள். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் முகில் சேவை தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. பாதிக்கப்பட்ட சுமார் 5,000 முகவரிகளில் அமைச்சரவை அலுவலகமும் அடங்கும். இயங்கியது தயாரிப்பாளரே ஆதரவை நிறுத்திய எக்ஸ்சேஞ்ச் 2013. அரசுக்கே இந்தக் கதி!

2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியல் பதிவுகளுக்கும் சட்ட அங்கீகாரம் தருகிறது. எனவே தொலைவது வெறும் அரட்டையல்ல, ஒப்பந்தமாகவும் இருக்கலாம். வாராவாரம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள். அது திறக்கிறதா என்றும் பாருங்கள்.