மலைக்குக் கிடைத்த படங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயில் ஏறியது 1899-இல். அதற்கு ஓராண்டு முன்னரே, 1898-இல், பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு மீட்டர் பாதை வந்துவிட்டது. ஏறத்தாழ ஒரே வயதுடைய இவ்விரு பாதைகளுள் முன்னதைப் படம்பிடித்தோர் எண்ணிலர். 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. பின்னதோ 1980-களில் மூடப்பட்டு, தண்டவாளமும் பெயர்த்தெடுக்கப்பட்டது.

இத்தனைக்கும் காரைக்கால் பாதையின் கதை சுவை குன்றியதன்று. 1739 முதல் பிரெஞ்சியர் வசமிருந்த ஊர். சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சை மாவட்டம். பாதை பிரெஞ்சு அரசுக்குரியது. வண்டியை ஓட்டியதோ தென்னிந்திய இரயில்வே. ஏறக்குறைய 24 கிலோமீட்டருக்குள் ஒரு சரக்குப் பெட்டி ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குள் நுழைந்துவிடும். 1954 வரை, அதாவது ஆங்கிலேயர் போய் ஏழாண்டுகள் கழிந்த பின்னும், இந்நிலை நீடித்தது. இன்று அப்பாதையைப் பற்றிப் பேசும் முதியோர் திருநள்ளாற்றுக்குப் போன பயணத்தைச் சொல்வர். சரக்கு வண்டியை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

மலைமீது மட்டும் சரக்கு வண்டிக்கும் இரசிகர் உண்டு. கிரந்துல் மலைகளிலிருந்து இரும்புத் தாதுவைச் சுமந்து, அரக்கு வழியாகக் கிழக்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து விசாகப்பட்டினம் பக்கம் இறங்கும் பாதையில், வளைவுக்கு வளைவு காத்திருந்து படமெடுப்போர் இருக்கின்றனர். காரணம் எளிது. மலையில் பாதை வளைகிறது. எஞ்சினும் கடைசிப் பெட்டியும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. வண்டியின் நீளமும் பாரமும் எஞ்சினின் முக்கலும் ஒருங்கே கண்ணுக்குப் புலப்படுகின்றன. மருத நிலத்தில் அதே வண்டி தொடுவானத்தில் இழுத்த ஒரு கோடு, அவ்வளவே. ஆகவே நம் புகைப்படக்காரர்களைக் குறை கூறுவது முற்றிலும் நியாயமாகாது. எனினும் அழகைத் தேடி மட்டுமே கருவியைத் தூக்கினால், வரலாற்றின் பெரும்பகுதி சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

2009-இல் வாஞ்சூர்க் கரையில் காரைக்கால் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. நாகூரிலிருந்து காரைக்காலுக்கு 2011-இல் அகலப்பாதை திறக்கப்பட்டது. பழைய பேரளம் பாதையும் அகலப்பாதையாக மீண்டும் இடப்பட்டு 2025-இல் சோதனை ஓட்டம் கண்டது. இம்முறை சரக்கென்றால் முதன்மையாக நிலக்கரி; கப்பலில் வந்து, ஐம்பதுக்கு மேற்பட்ட திறந்த பெட்டிகளில் ஏறி, வயல்களின் நடுவே உள்நாடு நோக்கிச் செல்கிறது. அதன் தூசு குறித்து நாகூர், வாஞ்சூர் மக்கள் பல்லாண்டாக முறையிட்டு வருகின்றனர். மூடிய பெட்டியா, திறந்த பெட்டியா, எவ்வளவு உயரத்துக்குக் குவித்திருக்கிறார்கள், அருகிலுள்ள கூரைகளின் நிறம் என்ன என்பனவற்றுக்கெல்லாம் தேதியிட்ட ஒரு படம், ஒரு மனுவைவிடத் தெளிவாகச் சான்று பகரும்.

படமெடுப்பவர் வரப்பில் குந்தி, கருவியைத் தாழ்த்திப் பிடித்தல் நலம். சம்பா நடவின் தொடக்கத்தில் வயலில் நீர் நிற்கும். வண்டி முழுவதும் அதில் தலைகீழாகத் தெரியும். பொங்கலுக்குப் பின் அறுத்த தாளில் அவ்வசதி இல்லை. ஆனால் காற்றில் எழும் கரித்தூள் அப்போதுதான் வெளுத்த வயலின்மேல் நன்கு விழும்.