பஞ்சர் பையின் பூர்வீகம்



ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு சைக்கிள் மிதித்த நாளில் என் சீட்டுப் பையில் ஒட்டுத் துண்டு, சொல்யூஷன், உப்புத்தாள், இரண்டு டயர் லீவர் இருக்கும். பம்பு தனி. இந்தப் பைக்கே வேலை வந்தது 1891-இல்தான்.

1888-இல் பெல்பாஸ்டில் டன்லப் செய்த காற்று டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. 1889-இல் அப்படியொரு பஞ்சர் சைக்கிள் பிரான்சில் மிஷ்லின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு வந்தது. சரிசெய்ய மூன்று மணி நேரம், பசை காய ஓர் இரவு! நடுவழியில் எதை வைத்திருந்து என்ன பயன்? கழற்றி மாட்டும் டயரைச் செய்தார்கள். 1891-இல் அதைப் பூட்டித்தான் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில், சுமார் 1200 கிலோமீட்டர், தெரோன் வென்றார்.

மாற்று டியூப் சுலபம்தான். நம்மூர் சீமைக்கருவேல முள்ளுக்கு ஒன்று காணாது. நான் ஒட்டுத் துண்டு கட்சி. எதுவானாலும், டயரின் உட்புறம் தடவி முள்ளை எடுத்துவிட்டு மாட்டுங்கள், விரல் பத்திரம்.