ஸ்டூட்பேக்கர்: காரும் பென்ஷனும்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து சவுத் பெண்ட் நகரில் 1852-இல் ஹென்றி, கிளெமென்ட் ஸ்டூட்பேக்கர் என்ற அண்ணன் தம்பிகள் கொல்லுப்பட்டறை திறந்தார்கள். இன்னொரு தம்பி ஜான், தங்க வேட்டை நடந்த கலிபோர்னியாவுக்குப் போனார். தங்கம் தோண்டினாரா? இல்லை. தோண்டுகிறவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து விற்றார்! 1858-இல் 8,000 டாலரோடு ஊர் திரும்பி, அதைப் பட்டறையில் போட்டார்.

குதிரை வண்டிகளால் வளர்ந்த கம்பெனி, 1902-இல் மின்சாரக் காரும் 1904-இல் பெட்ரோல் காரும் விற்கத் தொடங்கியது. மேட்டில் நின்ற கார் பின்னால் உருளாதபடி பிரேக்கைப் பிடித்து வைக்கும் 'ஹில் ஹோல்டர்' 1936-இல் வந்தது. வைத்திருந்தவர்கள் இதை மெச்சினார்கள். 1950-களின் கார்களில் முன்பக்க மட்கார்டு சீக்கிரம் துருப்பிடிக்குதே என்று நொந்தும் கொண்டார்கள்.

பெரிய கம்பெனிகளின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல், 1963 டிசம்பரில் சவுத் பெண்டில் கார் உற்பத்தி நின்றது. கனடாவில் 1966 வரை ஓடியது.

வேலை போனது மட்டுமா? பென்ஷன் நிதியில் போதிய பணமே இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முழுசாகக் கிடைத்தது. 40 முதல் 59 வரையிலான சுமார் 4,000 பேருக்குச் சேர வேண்டியதில் ஏறக்குறைய 15 சதவீதம்தான். இளையவர்களுக்கு ஒன்றுமில்லை.

இந்த அநியாயம் பல வருஷம் பேசப்பட்டு, 1974-இல் பென்ஷன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சவுத் பெண்ட்காரர்கள் இழந்தது திரும்பவில்லை. பின்னால் வந்தவர்கள் பிழைத்தார்கள். சம்பளத்துக்காக ஊர் விட்டு வந்த நாமும், பிடித்தம் செய்த பணம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று அப்பப்போ பார்த்துக்கொள்வது நல்லது.