நகராட்சி முறையை மாற்றக் கோரும் உரிமை: ஷெபீல்டும் குராய்டனும்

ஒரு நகரத்தை ஆள்வோர் யாவர் என்பதைத் தேர்தல்தோறும் நிர்ணயிக்கும் உரிமை ஜனநாயக நாடுகளில் பிரஜைகளுக்கு உண்டு. ஆயின் அந்நகரம் எம்முறையில் ஆளப்படவேண்டும் என்பதை நிர்ணயிக்கும் உரிமையோ பெரும்பாலும் ஆட்சிபுரிவோர் வசமே இருந்துவருகிறது. தன் அதிகாரத்திற்குத் தானே எல்லை வகுத்துக்கொள்ளும் சபை அவ்வெல்லையைக் குறுக்கிக்கொள்ள முன்வருதல் அரிது. இங்கிலாந்தின் ஸ்தல ஸ்தாபனச் சட்டங்கள் இதற்கு ஒரு பரிகாரம் கண்டுள்ளன. அது பூரணமானதன்று, எனினும் நியாயமானது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

உறுப்பினர்கள் கமிட்டிகளில் அமர்ந்து நிர்வகித்துவந்த பழைய முறையை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான சபைகளிலிருந்து அகற்றி, தலைவரும் சிறியதொரு நிர்வாகக் குழுவும் ஆளும் முறையையும், ஜனங்கள் நேரே தேர்ந்தெடுக்கும் மேயர் முறையையும் புகுத்திற்று. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் கமிட்டி முறைக்கு மீண்டும் இடமளித்தது. அச்சட்டத்தின்படி, வாக்காளரில் நூற்றுக்கு ஐவர், தாம் விரும்பும் முறை இன்னதெனக் குறித்து, பெயரும் விலாசமும் தேதியும் இட்டு மனுச் செய்வராயின், சபை பொது வாக்கெடுப்பு நடத்தியே தீரவேண்டும். அதன் முடிவு சபையைக் கட்டுப்படுத்தும். பின்னர்ப் பத்தாண்டுக் காலம் அவ்வினாவை மீண்டும் வாக்கெடுப்புக்கு விடலாகாது.

இவ்வுரிமையைப் பயன்படுத்திய ஊர்களுள் ஒன்று இங்கிலாந்தின் ஷெபீல்டு. அதன் நகரசபை, சாலைப் பராமரிப்புக்கெனத் தனியார் நிறுவனமொன்றுடன் 2012-இல் செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தத்தின்கீழ், தெருவோர மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. 2016 நவம்பரில் ரஸ்ட்லிங்ஸ் சாலையில் விடியுமுன்னே குடியிருப்போரை எழுப்பி, வாகனங்களை அப்புறப்படுத்தச் சொல்லி, போலீஸார் காவல் நிற்க மரங்களை வீழ்த்திய செயல் ஊரார் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. தாம் தேர்ந்தெடுத்த உறுப்பினரிற் பெரும்பாலோர்க்கு முடிவுகளில் பங்கில்லை என்பதை உணர்ந்த குடிமக்கள், 20,000-க்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டிக் கமிட்டி முறையைக் கோரினர். 2021 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 65 பேர் அதனை ஆதரித்தனர்.

லண்டனைச் சேர்ந்த குராய்டனில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. கட்டட அனுமதிகள் பற்றிய மனக்குறையால் அங்கே மனு இயக்கம் தோன்றியிருக்க, கடன் வாங்கிச் செய்த முதலீடுகளால் நொடித்த சபை, 2020 நவம்பரில் இன்றியமையாதவை தவிர்ந்த புதுச் செலவுகளை நிறுத்தும் அறிவிப்பை வெளியிட்டது. அவ்வூரார் கோரியது நேரே தேர்ந்தெடுக்கும் மேயரை. 2021 அக்டோபரில் வாக்களித்தோரில் நூற்றுக்கு 80 பேர் அதற்கு இசைந்தனர். ஓரூரார் அதிகாரத்தைப் பலரிடம் பரப்பவும், மற்றோரூரார் ஒருவரிடம் குவிக்கவும் விரும்பினரெனினும், பொறுப்புக் கூறுவார் யார் என்ற கேள்வியே இருவர்க்கும் பொதுவாக இருந்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். குராய்டனில் வாக்களிக்க வந்தோர் நூற்றுக்கு 21 பேரே. எனவே மொத்த வாக்காளரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர் ஆட்சிமுறையை மாற்றிவிட்டனர் அல்லவா? உண்மையே. ஆயினும் வாராதார் சம்மதத்தை நடப்பிலுள்ள முறைக்குச் சாதகமாகக் கணக்கிடுவது, வந்தவர் அபிப்பிராயத்தைத் தள்ளுவதினும் நியாயமாகாது. ஐந்து சதவீதத்தினர் பெறுவது வினா எழுப்பும் உரிமை மட்டுமே. தீர்ப்புக் கூறும் உரிமை வாக்காளர் அனைவர்க்கும் உரியது.

ஆனால் மனுவின் சக்தியை மிகைப்படுத்துதலும் தவறாகும். ஷெபீல்டில் மரங்களை வெட்டுவது 2018-இலேயே மக்களின் எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டது; கமிட்டி முறை நடைமுறைக்கு வந்தது 2022-இல். குராய்டனின் முதல் நேரடி மேயர் 2022 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே சபை மீண்டும் அதே நிதி நெருக்கடி அறிவிப்பை வெளியிட நேர்ந்தது. முறையை மாற்றுவதால் பழைய கடன் தீராது. வெட்டிய மரம் துளிர்க்காது. இனி எடுக்கப்படும் முடிவுகளுக்கு யாரைக் கேட்பது என்பதை அது தெளிவாக்கும், அவ்வளவே. அவ்வளவும் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள், அதிகாரத்தில் அமர்ந்தோர் அல்லர். அதன்கீழ் வாழும் குடிமக்களே.