20 ஆ, 14 ஆ? கல்குலேட்டருக்குள் இருக்கிற ஒரு உடன்பாட்டின் கதை

முதலில் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். கடையில் கணக்குப் பார்க்கிற சாதாரண கல்குலேட்டர் ஒன்றை எடுத்து 2 + 3 × 4 = என்று அழுத்துங்கள். அநேகமாக 20 வரும். அதையே விஞ்ஞானக் கணிகருவியில் அழுத்தினால் 14. விண்டோஸ் கணினியில் இருக்கிற கல்குலேட்டரும் அப்பிடித்தான்: 'ஸ்டாண்டர்ட்' முறையில் 20, 'சயன்ரிபிக்' முறைக்கு மாற்றினால் 14. ஒன்றும் பழுதாகவில்லை. அப்ப ஏன் ரெண்டு விடை?

போட்மாஸ் படித்த எங்களுக்கு 14தான் சரி. அடைப்புக்குறி முதலில், பிறகு அடுக்கு, பிறகு பெருக்கலும் வகுத்தலும், கடைசியாகக் கூட்டலும் கழித்தலும். ஆனால் சாதாரண கருவிக்கு ஞாபகம் குறைவு. 2 + 3 அழுத்தி, அடுத்து × ஐத் தொட்ட உடனேயே கையில் இருக்கிற கூட்டலை முடித்து 5 ஆக்கிவிடும். பிறகு நாலால் பெருக்கினால் 20. பில் கூட்டுகிற கடைக்காரருக்கு அது போதும். 14 வரவேணுமெண்டால், "2 +" என்பதை ஒரு பக்கம் எடுத்துவைத்துவிட்டுப் பெருக்கலை முதலில் செய்யவேண்டும். அப்பிடி எடுத்துவைக்கக் கருவிக்குள் இடம் தேவை. 1970களின் தொடக்கத்தில் அந்த இடம் விலை கூடிய சாமான்.

1972இல் அமெரிக்காவின் ஹியூலெட் பக்கார்ட் கம்பனி எச்பி-35 ஐ வெளியிட்டது. சட்டைப் பைக்குள் அடங்கவேண்டும் என்பது கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் ஹியூலெட்டின் விருப்பம். 35 பொத்தான்கள், விலை 395 டொலர். ஆனால் அதில் '=' பொத்தானே இல்லை! 2, என்டர், 3, என்டர், 4, பிறகு ×, பிறகு + என்று அழுத்தவேண்டும். எண்கள் முதலில், செய்கை பின்னால். போலந்து தர்க்கவியலாளர் யான் லூகாசியேவிச் 1924இல் அடைப்புக்குறியே இல்லாமல் எழுதுவதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார். அவர் குறிகளை முன்னால் வைத்தார். கருவியில் அது தலைகீழாகிப் பின்னால் வந்தது. இங்கே எதை முதலில் செய்வது என்று கருவி முடிவெடுப்பதில்லை. அழுத்துகிற ஆள்தான் முடிவெடுக்கிறார்.

1976இல் ரெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் டிஐ-30 ஐக் கொண்டுவந்தது. விலை 24.95 டொலர். அடைப்புக்குறிப் பொத்தான்கள் இருந்தன. கொப்பியில் எழுதியிருக்கிற ஒழுங்கிலேயே அழுத்தினால், பெருக்கலை முந்தவிட்டுக் கூட்டலைக் காத்திருக்க வைத்தது. மாணவர்கள் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கி வந்த அந்தக் கருவியோடு, ஒழுங்கைத் தீர்மானிக்கிற வேலையும் எங்கள் கையிலிருந்து கருவிக்குப் போனது.

சரி, கருவி பின்பற்றுகிற சட்டம் யாருடையது? இயற்கை விதி என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அப்பிடியில்லை. கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய ஃபுளோரியன் கஜோரி, ஒரு கோவையில் × உம் ÷ உம் சேர்ந்து வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் உடன்பாடே இல்லை என்று 1928இல் பதிவுசெய்திருக்கிறார். நூறு வருசம்கூட ஆகவில்லை.

அந்த இழுபறி பொத்தான்களுக்குள்ளும் வந்தது. டிஐ-82 என்ற கருவியில் 1/2X என்று கொடுத்தால், 2X ஐச் சேர்த்தெடுத்து அதால் ஒன்றை வகுக்கும். அதே கம்பனியின் டிஐ-83 இடமிருந்து வலமாகப் போய் அரையை X ஆல் பெருக்கும். X இன் பெறுமானம் 4 என்றால் முதலாவது 0.125 சொல்லும், இரண்டாவது 2 சொல்லும். ஒரே கம்பனி, அடுத்தடுத்த மொடல்! முகநூலில் அடிக்கடி சுற்றுகிற 6 ÷ 2(1 + 2) சண்டையும் இதுதான். 1 என்பவரும் 9 என்பவரும் கணக்கில் பிழைவிடவில்லை. எழுதியவர்தான் தெளிவாக எழுதவில்லை.

இதனால் எங்களுக்கு என்ன? மூன்று பாடங்களுக்கு 60, 70, 80 புள்ளிகள் எடுத்த ஒருவர் சராசரி பார்க்க 60 + 70 + 80 ÷ 3 என்று அழுத்தினால், விஞ்ஞானக் கணிகருவி 156.67 என்று சொல்லும். கருவி தன் சட்டப்படி சரியாகத்தான் செய்தது. 80 ஐ மட்டும் மூன்றால் வகுத்தது. (60 + 70 + 80) ÷ 3 என்றால்தான் 70. எடுத்த புள்ளிகள் எல்லாவற்றையும்விடச் சராசரி கூட வராது என்று தெரிந்தவருக்குப் பிழை உடனே பிடிபடும். திரையில் வந்ததை அப்பிடியே எழுதுகிறவருக்குப் பிடிபடாது.

எதை முதலில் செய்வது என்பது மனிதர்கள் பேசி, இழுபட்டு, ஒத்துக்கொண்ட வழக்கம். கருவி அந்த வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் அடைப்புக்குறி இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஒன்று கூடப் போடுங்கள், குறையொன்றுமில்லை.